ஒரு ஆயுசுக்கு எத்தனை வாட்ச் வேணும்? வாட்ச் பிரியர்களுக்கான பணப் பாடம்



நேரம் பார்க்க போன் இருக்கு, லேப்டாப் இருக்கு, பஸ்ஸிலும் ரயிலிலும் டிஜிட்டல் போர்டு இருக்கு. அப்படியும் முதல் சம்பளம், முதல் போனஸ் வந்த உடனே நிறைய பேர் வாங்க நினைக்கிற பொருள்களில் வாட்ச் ஒண்ணு. பரீட்சைக்குப் போகும்போது வீட்டில் ஒரு வாட்ச் வாங்கித் தருவாங்க. கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கு மோதிரம், செயினோட ஒரு வாட்ச் வரும். அப்பா ரிடையர் ஆகும்போது ஆபீஸில் ஒண்ணு கொடுப்பாங்க. தாத்தாவோட சாவி கொடுக்கிற வாட்ச் ஒண்ணு பீரோவில் தூங்கிட்டு இருக்கும். ஆசையே இல்லாத ஆளுக்கும் ஆயுசில் நாலைந்து வாட்ச் வந்து சேர்ந்துடும்.

ஆசை இருக்கிற ஆளுக்கு? ராத்திரி ரிவ்யூ வீடியோ பார்க்க ஆரம்பிச்சு, டயல் கலர், ஸ்ட்ராப், மூவ்மென்ட்னு போய், ரெண்டு வருஷத்தில் ஒரு பெட்டி நிறைய வாட்ச். கூடவே மனசுக்குச் சொல்லிக்கிற ஒரு சமாதானம்: "இது செலவு இல்ல, இன்வெஸ்ட்மென்ட்."

இந்தப் பாடத்தில் சொல்ல வருவது ஒரே விஷயம்தான். வாட்ச் ஒரு சந்தோஷமான செலவு. செலவுன்னு ஒத்துக்கிட்டு வாங்கினா, ஆயுசு முழுக்க வாட்ச் பிரியரா இருக்கலாம், கடனும் இருக்காது. முதலீடுன்னு பேர் வெச்சு வாங்கினா பட்ஜெட் உடையும். ஏன்னு ஒவ்வொண்ணா பார்ப்போம்.

முதல்ல, உள்ளே என்ன ஓடுதுன்னு தெரிஞ்சுக்கணும்

வாட்ச் வாங்கும்போது நீங்க கொடுக்கிற பணம் எதுக்குப் போகுதுன்னு புரிய, மூணு வகையைத் தெரிஞ்சுக்கிட்டா போதும்.

ஒண்ணு, குவார்ட்ஸ். உள்ளே ஒரு சின்ன குவார்ட்ஸ் படிகம். பேட்டரி மின்சாரம் பட்டதும் அது வினாடிக்கு 32,768 தடவை அதிரும். இந்த எண்ணை 15 தடவை பாதியாக்கிப் பாருங்க, சரியா 1 வரும். உள்ளே இருக்கிற சிப் செய்வது அந்த வேலையைத்தான். வினாடிக்கு ஒரு துடிப்பு, முள் ஒரு அடி நகரும். சாதாரண குவார்ட்ஸ் வாட்ச் மாசத்துக்கு 15, 20 வினாடிதான் முன்னே பின்னே போகும்.

ரெண்டு, மெக்கானிக்கல். சாவி கொடுத்தாலோ, ஆட்டோமேட்டிக்கா இருந்தா கை அசைந்தாலோ, உள்ளே இருக்கிற ஸ்ப்ரிங் முறுக்கேறும். அது மெதுவா பிரியும்போது பேலன்ஸ் வீல் ஆடி நேரத்தை எண்ணும். வினாடிக்கு 5, 6 அல்லது 8 துடிப்பு. விலை குறைவான ஆட்டோமேட்டிக் ஒரு நாளைக்கே 20 வினாடி தப்பினாலும் அது சகஜம். சுவிட்சர்லாந்தின் குரோனோமீட்டர் சான்றிதழே ஒரு நாளைக்கு மைனஸ் 4 முதல் பிளஸ் 6 வினாடி வரை அனுமதிக்குது.

அதாவது, நேரம் காட்டுற வேலையில் 500 ரூபாய் குவார்ட்ஸ், லட்ச ரூபாய் மெக்கானிக்கலை ஜெயிச்சுடும். அதிக விலைக்கு நீங்க வாங்குவது வேலைப்பாடு, பிராண்ட் பேர், அதைக் கையில் கட்டுற சந்தோஷம். இது தப்பில்லை. ஆனா எதுக்குப் பணம் கொடுக்கிறோம்னு தெரிஞ்சு கொடுக்கணும்.

மூணு, ஸ்மார்ட் வாட்ச். இது கையில் கட்டுற குட்டி போன். போன் மாதிரியே பேட்டரி தளரும், சாஃப்ட்வேர் அப்டேட் ஒரு நாள் நிற்கும், மதிப்பும் வேகமா இறங்கும்.

டெக்னாலஜி விலை எப்படி இறங்கும் என்பதற்கு வாட்ச்சை விட நல்ல உதாரணம் கிடையாது. உலகத்தில் முதன்முதலா விற்பனைக்கு வந்த குவார்ட்ஸ் கைக்கடிகாரம் சீகோ அஸ்ட்ரான். 1969 டிசம்பர் 25, டோக்கியோ. விலை 4,50,000 யென், கிட்டத்தட்ட அன்றைய டொயோட்டா கொரோலா கார் விலை! அதே டெக்னாலஜி இன்னைக்குப் பிளாட்பாரக் கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்குது. புது டெக்னாலஜியை முதல் நாளே வாங்குறவர்தான் அதிக விலை கொடுக்கிறார். அடுத்த ஸ்மார்ட் வாட்ச் லாஞ்ச் பார்க்கும்போது இதை ஞாபகம் வெச்சுக்குங்க.

10 வருஷக் கணக்கு

விலைப்பட்டியலில் இருப்பது வாங்குற விலை மட்டும். வைத்திருக்கிற விலை வேற. கணக்குக்காக நாலு வாட்ச் எடுத்துக்குவோம். தொகைகள் எல்லாம் உதாரணம்தான். உங்க ஊர் ரேட் போட்டுப் பார்த்துக்குங்க.

3,500 ரூபாய் குவார்ட்ஸ்: ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை பேட்டரி 200, ஸ்ட்ராப் 600. பத்து வருஷத்தில் நாலு தடவை மாத்தினா 3,200. மொத்தம் 6,700. வருஷத்துக்கு 670 ரூபாய்.

15,000 ரூபாய் ஆட்டோமேட்டிக்: அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை பிரிச்சு, துடைச்சு, எண்ணெய் விடணும். தடவைக்கு 2,500 வெச்சா ரெண்டு சர்வீஸ் 5,000. மொத்தம் 20,000. வருஷத்துக்கு 2,000.

5,000 ரூபாய் ஸ்மார்ட் வாட்ச்: மூணு வருஷத்துக்கு ஒண்ணு மாத்தினா, பத்து வருஷத்துக்குள் நாலு வாங்கியிருப்பீங்க. மொத்தம் 20,000. இதுவும் வருஷத்துக்கு 2,000. ஆனா பத்தாவது வருஷம் ஆட்டோமேட்டிக் ஓடிட்டு இருக்கும், ஸ்மார்ட் வாட்ச்சில் மூணு டிராயரில் கிடக்கும்.

90,000 ரூபாய் சுவிஸ் வாட்ச்: ரெண்டு சர்வீஸ் 15,000 வீதம் 30,000. மொத்தம் 1,20,000. பத்து வருஷம் கழிச்சு 40,000-க்கு வித்தாலும் நிகரச் செலவு 80,000. வருஷத்துக்கு 8,000. அந்த 90,000-ஐ வருஷம் 10% வளரும் இடத்தில் போட்டிருந்தா பத்து வருஷத்தில் சுமார் 2.33 லட்சம் ஆகியிருக்கும். 10% என்பது நான் எடுத்துக்கிட்ட எண், யாரும் கியாரன்டி தரமாட்டாங்க.

"அப்ப சின்ன விலை வாட்ச்சா வாங்கிட்டே இருந்தா பிரச்சினை இல்லையே?" இருக்கு. ஆஃபர்ல 4,000 ரூபாய் வாட்ச், வருஷத்துக்கு மூணு. பத்து வருஷத்தில் 30 வாட்ச், 1,20,000 ரூபாய். அதே மாசம் 1,000 ரூபாய் எஸ்ஐபி 10% வளர்ச்சியில் சுமார் 2.06 லட்சம். 30 வாட்ச்சில் ஒவ்வொண்ணையும் வருஷத்தில் 12 நாள்தான் கட்ட முடியும். மிச்ச நாளெல்லாம் பேட்டரி தீர்ந்து பெட்டியில் கிடக்கும். சின்ன விலைங்கிறதால இந்த ஓட்டை நம்ம கண்ணுக்குத் தெரியறதே இல்லை.

"ஆனா வாட்ச் விலை ஏறுதே!"

இந்தக் கேள்வி வரும்னு தெரியும். 2017 அக்டோபரில் நியூயார்க்கில் நடந்த ஏலத்தில், ஹாலிவுட் நடிகர் பால் நியூமன் கட்டியிருந்த ரோலெக்ஸ் டேடோனா 1 கோடியே 77 லட்சம் டாலருக்கு மேல் போச்சு. கடையில் சில நூறு டாலருக்கு வித்த மாடல் அது. இதைக் கேட்டதும் நமக்கும் கை அரிக்கும்.

ஆனா யோசிங்க. அதே காலத்தில் வித்த லட்சக்கணக்கான வாட்ச்கள் எங்கே? தொலைஞ்சு, உடைஞ்சு, பழைய இரும்புக்குப் போனது எதுவும் செய்தியில் வராது. ஜெயிச்ச ஒண்ணு மட்டும்தான் தலைப்புச் செய்தி. ஷேர் மார்க்கெட்டில் "அன்னைக்கு அந்தப் பங்கை வாங்கியிருந்தா"ன்னு சொல்ற கதையும் இதே ரகம்தான். மேலும், அந்த ஏல விலையில் பெரும்பங்கு பால் நியூமனின் கைக்குக் கொடுத்த விலை. உங்க கைக்கும் என் கைக்கும் அந்த மதிப்பு கிடையாது.

அடுத்தது, கொரோனா காலம். 2020-க்குப் பிறகு ரோலெக்ஸ், படெக் பிலிப் மாதிரி சில பிராண்டுகளின் குறிப்பிட்ட மாடல்கள் செகண்ட் ஹேண்ட் சந்தையில் கடை விலையை விட பல மடங்குக்குப் போச்சு. 2022 ஆரம்பத்தில் உச்சம். அதுக்கப்புறம் ரெண்டு வருஷத்துக்கு மேல் விலை சரிஞ்சுது. உச்சத்தில் "இன்வெஸ்ட்மென்ட்"னு வாங்கினவங்க மாட்டிக்கிட்டாங்க.

அதே 2022 மார்ச்சில் ஒமேகாவும் ஸ்வாட்ச்சும் சேர்ந்து மூன்ஸ்வாட்ச்னு ஒண்ணு வெளியிட்டாங்க. பல நாட்டில் கடை வாசலில் ராத்திரியெல்லாம் கியூ. அன்னைக்கே ஆன்லைனில் பல மடங்கு விலைக்கு மறுவிற்பனை. இது லிமிடெட் எடிஷன் இல்லை, தொடர்ந்து வரும்னு கம்பெனியே சொல்லியிருந்தது. சரக்கு வர வர அந்தப் பிரீமியம் கரைஞ்சுது. கம்பெனி சொன்னதைப் படிச்சவங்க காத்திருந்து கடை விலைக்கு வாங்கினாங்க.

இன்னொரு சாதாரணக் கணக்கும் இருக்கு. வாட்ச்சுக்கு 18% ஜிஎஸ்டி. 11,800 ரூபாய் பில்லில் 1,800 வரி. அது போக கடைக்காரர் மார்ஜின். நீங்க திருப்பி விக்கும்போது இந்த ரெண்டும் உங்களுக்குத் திரும்பக் கிடைக்காது. கடை வாசலைத் தாண்டின நிமிஷமே மதிப்பு குறையுதுன்னா காரணம் இதுதான். நம்ம பட்ஜெட்டில் வாங்குற வாட்ச் அனைத்துக்கும் இது பொருந்தும்.

வாட்ச் வேற, வாட்ச் கம்பெனி வேற

நம்ம ஊர்க் கதை ஒண்ணு சொல்லணும். 1961-ல் பெங்களூரில் ஜப்பானின் சிட்டிசன் கூட்டோட எச்எம்டி கைக்கடிகாரம் செய்ய ஆரம்பிச்சுது. ஜனதா, பைலட், கோஹினூர்னு மாடல்கள். அரசு ஊழியர், ஆசிரியர், ரயில்வே ஊழியர்னு ஒரு தலைமுறையே அதைக் கட்டிச்சு. கல்யாண மாப்பிள்ளைக்கு எச்எம்டின்னா அது ஒரு கௌரவம்.

1984-ல் டாடா குழுமமும், தமிழ்நாடு அரசின் தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோவும் சேர்ந்து டைட்டன் ஆரம்பிச்சாங்க. தொழிற்சாலை நம்ம ஓசூரில். எச்எம்டியின் பலம் சாவி கொடுக்கிற வாட்ச். டைட்டன் குவார்ட்ஸ் பக்கம் பந்தயம் கட்டிச்சு. மெல்லிசான வடிவம், பளிச்சுனு ஷோரூம், பரிசுப் பொருள் மாதிரி விளம்பரம். 2016-ல் எச்எம்டி வாட்ச் கம்பெனியை மூட மத்திய அரசு முடிவெடுத்தது. டைட்டன் இன்னைக்கும் நிக்குது, அதுவும் வருமானத்தில் பெரும்பங்கு தனிஷ்க் நகையிலிருந்து. அதன் மிகப் பெரிய பங்குதாரர் டிட்கோ, 27.88%.

இதில் நமக்கு ரெண்டு பாடம். அன்னைக்கு டைட்டன் வாட்ச் வாங்கினவருக்கு நல்ல வாட்ச் கிடைச்சுது. சொத்து வளர்ந்தது கம்பெனியில் பங்கு வெச்சிருந்தவருக்கு. பொருளை வைத்திருப்பதும், பொருள் செய்யும் தொழிலில் பங்கு வைத்திருப்பதும் ஒண்ணு இல்லை.

ரெண்டாவது பாடம் இன்னும் முக்கியம். எண்பதுகளில் நின்னு பார்த்திருந்தா, நாட்டையே கட்டிப் போட்டிருந்த எச்எம்டி தோற்கும்னு யாருக்கும் உறுதியாத் தெரிஞ்சிருக்காது. வாட்ச் கம்பெனி நகை விற்று வளரும்னும் தெரிஞ்சிருக்காது. அதனாலதான் நம்ம சேனலில் ஒரே கம்பெனியைத் தேடாம, பல கம்பெனிகள் சேர்ந்த இண்டெக்ஸ் ஃபண்டைத் திரும்பத் திரும்பச் சொல்றோம். டைட்டன் பங்கை வாங்குங்கன்னு இதை எடுத்துக்காதீங்க.

நோ காஸ்ட் இஎம்ஐ: "காஸ்ட்" எங்கே ஒளிஞ்சிருக்கு?

40,000 ரூபாய் வாட்ச், 12 மாசம், மாசம் 3,333 ரூபாய். "வட்டியே இல்ல சார்." நிஜமா என்ன நடக்குது? பேங்க் வட்டி போடத்தான் செய்யுது. அந்த வட்டி அளவுக்குக் கடை முன்னாடியே தள்ளுபடி கொடுத்துடுது. பேங்க் வட்டி வருஷம் 15%-ன்னு வெச்சா, அந்த 40,000-க்குள் வட்டி சுமார் 3,070. இந்த வட்டி மேல 18% ஜிஎஸ்டி, சுமார் 550, உங்க கார்டில் தனியா ஏறும். பிராசஸிங் கட்டணம் ஒரு சில நூறு. மொத்தமா பணம் கொடுத்தா கிடைக்கக்கூடிய தள்ளுபடியும் போச்சு.

தொகை பெருசில்லைதான். பெரிய ஆபத்து வேற. 40,000 சம்பளக்காரர் 40,000-க்கு வாட்ச் வாங்க யோசிப்பார். 3,333-ன்னு சொன்னா யோசிக்க மாட்டார். அடுத்த 12 மாசத்தில் வேலை போனாலும், அம்மாவுக்கு ஆஸ்பத்திரிச் செலவு வந்தாலும் அந்த 3,333 நிக்காது. வாட்ச்சுக்கு இஎம்ஐ வேண்டாம்ங்கிறது இந்தப் பாடத்தின் ஒரே கறாரான விதி.

அப்ப ஆசைப்பட்டா எப்படி வாங்குறது?

முதல்ல மூணு விஷயம் சரியா இருக்கணும். ஆறு மாசச் செலவுக்கு அவசர நிதி. ஹெல்த் இன்சூரன்ஸ், யாராவது உங்க வருமானத்தை நம்பி இருந்தா டேர்ம் இன்சூரன்ஸும். கிரெடிட் கார்டில் பாக்கி பூஜ்யம். இதெல்லாம் முடியற வரைக்கும் இருக்கிற வாட்ச்சையே கட்டுங்க.

அதுக்கப்புறம் ஒரு வாட்ச் உண்டியல் ஆரம்பிங்க. கைக்கு வரும் சம்பளத்தில் 2% என் பரிந்துரை. 40,000 சம்பளத்துக்கு மாசம் 800, ஒரு ஆர்டி போட்டுடுங்க. ரெண்டு வருஷத்தில் 19,200, அதுக்கு மேல வட்டி. நல்ல ஆட்டோமேட்டிக் ஒண்ணு ரொக்கமா வாங்கலாம். பிடிச்ச மாடலைக் குறிச்சு வெச்சு மூணு மாசம் காத்திருங்க. மூணு மாசம் கழிச்சும் அதே மாடல் பிடிச்சிருந்தா அது உங்க வாட்ச். அதுக்குள்ள மனசு வேற மாடலுக்குத் தாவிட்டா, பணம் தப்பிச்சுதுன்னு வெச்சுக்குங்க.

ஆயுசுக் கணக்கில் பார்த்தா இப்படிப் பிரிக்கலாம். வேலைக்குச் சேர்ந்த புதுசில் ஆபீஸுக்கும் விசேஷத்துக்கும் பொதுவா ஒரு நல்ல குவார்ட்ஸ். முப்பதை ஒட்டி, அவசர நிதியெல்லாம் நிறைஞ்ச பிறகு, ஒரு மெக்கானிக்கல். கல்யாணத்தில் வரும் வாட்ச்சைக் கணக்கில் சேர்த்துக்குங்க, அது போக இன்னொண்ணு தேவைப்படாது. நாற்பதைத் தாண்டி, வீட்டுக் கடனும் பிள்ளைங்க படிப்பும் ஒரு பிடிக்குள் வந்தா, பல வருஷம் சேர்த்து வெச்சு ஒரு கனவு வாட்ச். அறுபதில், எதை யாருக்குக் கொடுக்கலாம்னு யோசிக்கிற கட்டம். அஞ்சாறு வாட்ச், ஒவ்வொண்ணுக்கும் ஒரு கதை. 30 வாட்ச் வெச்சிருக்கிறவரிடம் பெரும்பாலும் பில் மட்டும்தான் இருக்கும்.

செலவில்லாம வாட்ச் பிரியர் ஆகலாம்

இந்தப் பொழுதுபோக்கில் பாதி சந்தோஷம் தெரிஞ்சுக்கிறதில்தான் இருக்கு. அதுக்குக் காசு வேண்டாம். தெரிஞ்சுக்கிட்டா காசு மிச்சமும் ஆகும். சில உதாரணங்கள்:

டயலில் "17 ஜுவல்"னு இருந்தா 17 வைரம்னு அர்த்தம் இல்லை. உராய்வைக் குறைக்க உள்ளே வைக்கும் செயற்கை மாணிக்கக் கற்கள். நகைக் கடையில் அதுக்கு மதிப்பு கிடையாது.

பின்பக்கம் 30 மீட்டர் வாட்டர் ரெசிஸ்டன்ட்னு இருந்தா 30 மீட்டர் ஆழத்துக்குப் போகலாம்னு அர்த்தம் இல்லை. மழைத் தூறல், கை கழுவுறது வரைக்கும் தாங்கும். நீச்சலடிக்க 100 மீட்டராவது வேணும். உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் வயசானா தேய்ஞ்சுடும். பேட்டரி மாத்தும்போது அதையும் பார்க்கச் சொல்லுங்க.

பேட்டரி தீர்ந்த வாட்ச்சை அப்படியே வருஷக்கணக்கில் போட்டு வைக்காதீங்க. பேட்டரி கசிஞ்சு மூவ்மென்ட்டையே அரிச்சுடும். கட்டாத வாட்ச்னா பேட்டரியைக் கழற்றி வெச்சுடுங்க.

மெக்கானிக்கல் வாட்ச் திடீர்னு வேகமா ஓடினா உடனே பெரிய ரிப்பேர்னு பயப்படாதீங்க. ஸ்பீக்கர் மாதிரி காந்தம் உள்ள பொருள் பக்கத்தில் வெச்சதால காந்தம் ஏறியிருக்கலாம். வாட்ச் ரிப்பேர் கடையில் சில நிமிஷத்தில் எடுத்துடுவாங்க. ராத்திரி 9 மணிக்கு மேல விடியற்காலை 3 மணி வரைக்கும் தேதியைத் திருப்பாதீங்க. அந்த நேரத்தில் தேதிப் பல்சக்கரம் பூட்டியிருக்கும், பல் உடையலாம்.

பழைய எச்எம்டி ஆன்லைனில் புத்தம்புது டயலோட கிடைச்சா கவனமா இருங்க. பழைய மெஷினில் டயலைப் புதுசா பெயின்ட் அடிச்சு விக்கிறது நிறைய நடக்குது. கம்பெனி போடாத கலரெல்லாம் வரும். அழகுக்காக வாங்குறீங்கன்னா வாங்குங்க, ஒரிஜினல் விலை கொடுக்காதீங்க. அதை விட முதல்ல வீட்டு பீரோவைத் தேடிப் பாருங்க. தாத்தா வாட்ச் கிடைச்சா, நல்ல ரிப்பேர்காரரிடம் கொடுத்து சர்வீஸ் பண்ணி, புது ஸ்ட்ராப் போட்டுக் கட்டுங்க. ஆகிற செலவு சர்வீஸ் காசு மட்டும். அந்த வாட்ச்சுக்கு இருக்கிற மதிப்பு எந்த ஷோரூமிலும் கிடைக்காது. டயலை மட்டும் புதுசாக்கச் சொல்லாதீங்க. அந்த மங்கல்தான் தாத்தாவோட அடையாளம்.

இந்த வார ஹோம்வொர்க்

ஒரு பேப்பர் எடுங்க. உங்ககிட்ட இருக்கிற வாட்ச் ஒவ்வொண்ணையும் எழுதுங்க. வாங்கின விலை, இதுவரை ஆன ரிப்பேர், போன மாசம் எத்தனை நாள் கட்டினீங்க. மூணு மாசமா கட்டாதது எதுன்னு வட்டம் போடுங்க. வட்டம் போட்டதைத் தம்பிக்கோ தங்கைக்கோ கொடுங்க, இல்ல வித்து அந்தப் பணத்தை உண்டியலில் போடுங்க. அடுத்த வாட்ச் எப்ப வாங்கலாம்னு அந்தப் பேப்பரே உங்களுக்குச் சொல்லும்.

இதே கணக்கை எக்செல் ஷீட்டில் போடுவது எப்படின்னு அடுத்த வீடியோவில் பார்ப்போம். அதுவரைக்கும், கட்டியிருக்கிற வாட்ச்சை ரசிச்சுக் கட்டுங்க.